ஓபல் உட்கார்வதில்லை

கால் வலிக்கிறது என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் என் கால்வலியை ஆராய ஒரு குழு போடுவார்கள். அந்தக் குழு கூடுகிற அறையிலும் எனக்கு ஒரு நாற்காலி இருக்காது.

ஆர்லீத்தா குரூம்ஸ் டோனெல்லி வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால், மூடிபோட்ட பாத்திரத்தைக் கையில் ஏந்தி, இதை நினைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார டோனெல்லி குடும்பம் சோபாவில் உட்கார்ந்திருந்தது. அதற்கும் அந்தப் பக்கம், படிப்படியான வரிசைகளில், சிரிப்பதற்கென்று வந்த முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஒட்டுப்பலகை, மின்கம்பிகள், நுழையச் சொல்லும் சின்ன விளக்கு, ஆர்லீத்தா.

விளக்கு எரிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கைதட்டல். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். டோனெல்லியாக நடிக்கும் டக் மெரில், "கொஞ்சம் உட்காரேன் ஓபல்," என்றார். பக்கத்து வீட்டுக் கறுப்பினப் பெண் ஓபலாக நடிக்கும் ஆர்லீத்தா ஒரு கையை இடுப்பில் வைத்தாள், கண்ணை உருட்டினாள், "ஐயோ, அடுப்புல ஏதோ இருக்கு!" என்றாள். முந்நூறு பேரும் அவளோடு சேர்ந்து அதைச் சொன்னார்கள். அவள் வெளியே வந்தாள். கதவு மூடிக்கொண்டது.

நான்கு வருடங்களாக, ஒவ்வொரு வியாழக்கிழமை இரவும், அமெரிக்கா முழுவதும் பார்க்க, ஓபலின் அடுப்பில் ஏதோ இருந்தது. அது என்ன என்று தொலைக்காட்சி நிலையத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு குமிழ். முதல் அத்தியாயத்தை ஒளிபரப்புவதற்கு முன்னால் சோதனை அரங்கில் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு குமிழைக் கொடுத்திருந்தார்கள். பிடித்தால் வலப்பக்கம் திருக வேண்டும், பிடிக்காவிட்டால் இடப்பக்கம். எல்லாருடைய திருகலும் சேர்ந்து திரையில் ஒரு கோடாக ஓடும். ஓபல் கதவைத் திறந்து வந்தபோது கோடு ஏறியது. வாயைத் திறந்தபோது இன்னும் ஏறியது. பேச்சுவாக்கில் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கயிறு அறுந்த வாளிபோலக் கோடு கீழே போனது. அவள் எழுந்ததும் மறுபடி ஏறியது.

அன்று முதல் ஓபல் உட்கார்வதில்லை. இந்த விதியை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த விதிகளையெல்லாம் மீறுகிறவர்கள்கூட இதை மதித்தார்கள். நன்றியறிதல் விருந்து அத்தியாயத்தில் டோனெல்லி குடும்பம் மேஜையைச் சுற்றி அமர்ந்திருக்க, ஓபல் ஃபிரிட்ஜில் சாய்ந்தபடி வான்கோழி சாப்பிட்டாள். மூன்றாம் வருடம் ஓபலுக்குக் கால் உடைந்தது. கட்டுப்போட்ட காலோடு, இரண்டு ஊன்றுகோல்களில் வந்து, சோபாவில் படுத்திருந்த டோனெல்லியின் ஜலதோஷத்தை விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனாள். உடல் ஊனத்தைக் கண்ணியமாகக் காட்டியதற்காக அந்த அத்தியாயத்துக்கு ஒரு கேடயம் கிடைத்தது.

ஓபலுக்கு ஒரு கணவனும் இருந்தான். அவனாக நடித்தவர் ஒருநாள் ஒத்திகையில், "நான் எதுக்குத்தான் இந்த வீட்டுக்கு வர்றேன்?" என்று கேட்டுவிட்டார். அடுத்த வாரமே ஓபலின் கணவனுக்குக் கிளீவ்லாந்தில் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு அவனைப் பற்றி யாரும் பேசவில்லை, ஓபல் உட்பட. அன்றிலிருந்து அந்த ஸ்டுடியோவில் கிளீவ்லாந்து என்பது ஓர் ஊரின் பெயராக இல்லை.

ஆர்லீத்தாவுக்கு இந்த விஷயத்தில் தைரியம் இருந்ததில்லை. அவள் இருபது வருடம் நர்ஸாக நடித்தவள். கதவருகே நின்று 'டாக்டர், உங்களைக் கூப்பிடுகிறார்கள்' என்று சொல்கிற நர்ஸ். ஓபல்தான் அவளுக்குக் கிடைத்த முதல் பெயருள்ள வேடம். பெயர் கிடைத்தவளுக்கு நாற்காலியும் வேண்டுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டு நான்கு வருடத்தை ஓட்டியிருந்தாள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து தங்கை வீட்டுக்குப் போனபோது ஒன்று நடந்தது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கை நிமிர்ந்து பார்த்து, "ஏன்க்கா நிக்கிற? எங்கயாவது போகணுமா?" என்றாள். அப்போதுதான் ஆர்லீத்தா கவனித்தாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சமையலறைக் கதவின் நிலையில் தோளைச் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காலி நாற்காலி இருந்தது.

"இங்க கேமரா இல்லக்கா," என்று தங்கை சிரித்தாள். ஆர்லீத்தாவும் சிரித்தாள். உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு, யாரோ எங்கேயோ ஒரு குமிழை இடப்பக்கம் திருகுவதுபோல அடிவயிற்றில் ஒரு இறக்கம் தெரிந்தது. அன்று இரவெல்லாம் அவளை அரித்தது அந்த இறக்கம்தான்.

மறுநாள் நடிகர்களோடு பிப்ரவரி அத்தியாயத்தின் வசன வாசிப்பு. பிப்ரவரி கறுப்பர் வரலாற்றுக்கான மாதம் என்பதால் நிலையம் அந்த மாதம் முழுவதும் பெருமைப்படும். இருப்பதிலேயே குட்டையான மாதம் என்பதால் அது அவர்களுக்குக் கட்டுப்படியானது. எழுத்தாளர்கள் அறையில் இருந்த ஒரே கறுப்பரான வெண்டலிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். மற்ற பதினொரு மாதமும் வெண்டலின் வேலை, மற்றவர்கள் எழுதிய ஓபலின் வசனத்தைப் படித்துப் பார்த்து 'சரிதான்' என்று சொல்வது.

வெண்டல் எழுதியிருந்தது இதுதான். ஓபல் கண்ணயர்கிறாள். கனவில் அவள் அலபாமாவில், மாண்ட்காமரி நகரத்துப் பஸ்ஸில், முப்பத்து நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு மாலையில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறாள். அப்போதைய விதிப்படி வெள்ளைக்காரர் ஏறினால் கறுப்பர் எழுந்து இடம் விட வேண்டும். டிரைவர் 'எழுந்திரு' என்கிறான். ஓபல் 'மாட்டேன்' என்கிறாள். அவ்வளவுதான் காட்சி.

ஆர்லீத்தா அந்த ஊர்க்காரி. ஒரு கறுப்பினப் பெண்மணி நிஜமாகவே அப்படி எழ மறுத்துக் கைதானபோது அவளுக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகு ஊரே பஸ்ஸைப் புறக்கணித்ததும், அம்மா ஒரு வருடம் துணி தேய்க்கிற வேலைக்கு நடந்தே போய்வந்ததும், மாலையில் வாளித் தண்ணீரில் கால்களை வைத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் இருந்ததும் அவளுக்கு நினைவிருந்தது. அந்த 'மாட்டேன்' என்ற சொல்லைப் படித்தபோது வந்தது ஓபலின் குரல் இல்லை.  டக் மூக்கை உறிஞ்சினார்.

நிலையத்தின் நகைச்சுவைப் பிரிவுத் துணைத்தலைவர் கிரெய்க் வான்ஸ் எழுந்து கைதட்டினார். "எனக்குப் பேச்சே வரல. உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. ஒரு எழுத்தக்கூட மாத்தக் கூடாது. ஒரே ஒரு சின்னக் குறிப்பு." காகிதத்தைப் புரட்டினார். "இந்தக் காட்சி முழுக்க அவங்க உட்கார்ந்தே இருக்காங்க, இல்லையா?"

"அதுதான் சார் கதையே," என்றார் வெண்டல்.

"புரியுது, நல்லாப் புரியுது. கதையில நாங்க கை வைக்கவே மாட்டோம். உட்கார்றதுல மட்டும்தான்."

புதன்கிழமை கிரெய்க் ஆர்லீத்தாவைத் தன் அறைக்கு வரச் சொன்னார். சுவரில் கேடயங்கள் வரிசையாக இருந்தன. ஒரு புகைப்படத்தில் அதிகாரிகள் ஏழு பேர் உட்கார்ந்திருக்க, பின்னால் ஆர்லீத்தா நின்று கேடயத்தைப் பிடித்திருந்தாள். ஆராய்ச்சிப் பிரிவின் தலைவி டாக்டர் ஃபிலிஸ் ஆட்லரும் வந்திருந்தார். அறையில் நாற்காலிகள் இருந்தன. "வாங்க வாங்க," என்றார் கிரெய்க், எங்கே என்று சொல்லாமல். ஆர்லீத்தா நின்றாள்.

"முதல்ல ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன்," என்றார் கிரெய்க். "கறுப்பர்கள் உட்காரக் கூடாதுன்னு இந்த நிலையத்துல யாரும் சொல்லல. எனக்குத் தெரிஞ்ச கறுப்பர்கள் எல்லாருமே உட்கார்றவங்கதான்."

"பிரச்சினை எங்களோடது இல்ல. குமிழோடது," என்றார் டாக்டர் ஃபிலிஸ். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "நாங்க ஆழமாப் போய்ப் பார்த்தோம், ஆர்லீத்தா. சோதனைக்கு வந்தவங்ககிட்ட, 'ஓபலைப் பிடிக்குதா?'ன்னு கேட்டோம். எல்லாருக்கும் பிடிக்குது. அப்புறம் ஏன் அவங்க உட்கார்ந்ததும் இடப்பக்கம் திருகினீங்கன்னு கேட்டா, அவங்களுக்கே சொல்லத் தெரியல. ஒரு அம்மாதான் சொன்னாங்க: 'அவங்க எப்பக் கிளம்புவாங்கன்னு யோசிக்க ஆரம்பிச்சிட்டேன்.' பாருங்க, நிக்கிறவரைக்கும் ஓபல் விருந்தாளி. உட்கார்ந்துட்டா அது குடியேற்றம்."

"இது அறிவியல்," என்றார் கிரெய்க்.

"பஸ்லயும் அப்படியா?" என்று ஆர்லீத்தா கேட்டாள்.

"பஸ்லதான் ரொம்ப. நேத்து ராத்திரி ஓவியமா வரைஞ்சு காட்டிச் சோதிச்சோம். கோடு காகிதத்தைத் தாண்டிக் கீழ போயிடுச்சு." டாக்டர் ஃபிலிஸ் பெருமூச்சு விட்டார். "டிரைவர் கத்தற இடத்துல பஸ் ஓட்டறவங்க குடும்பங்கள் புண்படுது. வேற ஒரு பயணி முறைக்கிற இடத்துல பயணிகள் புண்படறாங்க. அப்புறம் நம்ம விளம்பரதாரர் சாய்வு நாற்காலி பண்றவர். உட்கார்ற இடத்தை ஒரு சண்டைப் பொருளாக் காட்டறதை அவர் விரும்பல."

கிரெய்க் முகம் மலர்ந்தார். "அதனால நானே ஒரு யோசனை பண்ணினேன். ஷவர்ல தோணுச்சு. நாமெல்லாம் எப்படிச் சொல்றோம்? அந்தப் பெண்மணி உரிமைக்காக நிமிர்ந்து *நின்னாங்க*ன்னுதானே? உட்கார்ந்தாங்கன்னு யாராவது சொல்றோமா? அப்ப நிக்க வைப்போம்! ஓபல் பஸ்ல ஏறறாங்க. டிரைவர் நல்ல மனுஷன், தொப்பியைக் கழட்டி, 'அம்மா, முன்னாடியே சீட் இருக்கு, உட்காருங்க'ன்னு சொல்றார். ஓபல், 'நன்றி. ஆனா நான் என் மக்களுக்காக நிற்பேன்!' கையை இடுப்புல. இசை. உடனே டக் எழுந்து வந்து அந்த சீட்ல உட்கார்ந்து, ஓபலை நிமிர்ந்து பார்த்து, 'நானும் உங்களுக்குத் துணை நிற்கிறேன்'னு சொல்றார். யாருமே கெட்டவங்க இல்ல! முப்பது வருஷமா நம்ம நாட்டால செய்ய முடியாததை ஒரே பக்கத்துல செஞ்சிட்டோம்."

அப்படியானால் என் அம்மா எதற்காக நடந்தாள், என்று ஆர்லீத்தா கேட்கவில்லை. கேள்வி தொண்டைவரை வந்து, அங்கே இருந்த பயத்தைப் பார்த்துத் திரும்பிப் போனது.

"அடுத்த வருஷ ஒப்பந்தம் வெள்ளிக்கிழமை முடிவாகுது," என்றார் கிரெய்க், கதவுவரை கூட வந்து. "உங்களைக் கிளீவ்லாந்துல பார்க்க எனக்கு ஆசை இல்ல, ஆர்லீத்தா. நல்ல ஊர்தான். குளிர் ஜாஸ்தி."

வியாழக்கிழமை ஒப்பனை அறையில் டோவி அவள் தலையை வாரினாள். கறுப்பர் தலைமுடியைத் தொடத் தெரிந்த ஒருத்தி வேண்டும் என்று ஆர்லீத்தா இரண்டு வருடம் மன்றாடிக் கொண்டுவந்தவள் டோவி. அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது.

"டிரைவர் 'அம்மா'ன்னு கூப்பிடறானாமே!" என்றாள் சீப்பை ஓங்கியபடி. "அடியே, அந்தக் காலத்துல ஒருத்தன் அப்படிக் கூப்பிட்டிருந்தா, எங்க சித்தப்பன் இன்னிக்கும் அலபாமாலயே இருந்திருப்பான். கண்ணுல தண்ணியோட சிகாகோவுக்கு ரயிலேறி இருப்பானா?"

வெண்டல் கதவருகே நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. "நான் நாலு தடவை சண்டை போட்டேன்க்கா."

"யாரோட?" என்றாள் டோவி.

"என்னோடதான்."

"ஜெயிச்சது யாரு?"

"அவங்கதான்." அவர் தரையைப் பார்த்தார். "நான் எழுதினதுல இப்ப பஸ் மட்டும்தான் மிச்சம். அதையும் கொஞ்சம் பளிச்சுனு பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்காங்க."

"லீத்தா, நீ என்ன சொல்லப் போற?" டோவி கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள். "'நான் என் மக்களுக்காக நிற்பேன்!' உன் மக்கள் கேட்டாங்களா உன்னை நிக்கச் சொல்லி? என் மக்களெல்லாம் வேலை முடிஞ்சு வந்தா பொத்துனு விழ ஒரு சோபாதான் கேக்கறாங்க."

ஆர்லீத்தா முந்தின இரவு குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்திருந்தாள், எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. கேவலமாக இல்லை. நன்றாக வந்தது. கை தானாக இடுப்புக்குப் போனது, குரல் சரியான இடத்தில் தழுதழுத்தது, கைதட்டல் எந்த நொடியில் விழும் என்றுகூடத் தெரிந்தது. சொல்ல முடியாது என்ற பயம் போய், சொல்லிவிடுவேன் என்ற பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அது மட்டும் தாராளமாக உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அரங்கம் நிரம்பியது. பிப்ரவரி என்பதால் கறுப்பர்கள் நிறையப் பேரை அழைத்திருந்தார்கள். அவர்களைக் கடைசி வரிசைகளில் உட்கார வைத்திருந்தார்கள். கேமராவுக்கு அந்தக் கோணம்தான் நன்றாக இருந்ததாம். படப்பிடிப்புக்கு முன்னால் கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் ஆள் வந்து, "அடுப்புல என்ன இருக்கு?" என்று கத்தினார். முன்வரிசைகள், "ஏதோ இருக்கு!" என்றன.

பஸ் கண்ணைப் பறிக்கிற மஞ்சளில் நின்றது, பக்கவாட்டுச் சுவர் இல்லாமல். பயணிகள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஒரு இருக்கை மட்டும் காலியாக இருந்தது. அது டக்குக்கு. கிரெய்க்கும் டாக்டர் ஃபிலிஸும் அரங்கத்துக்கு மேலிருந்த கண்ணாடி அறையில், இயக்குநர் பர்ட்டுக்குப் பின்னால் இருந்தார்கள்.

ஆர்லீத்தா பஸ்ஸின் படிக்குக் கீழே நின்றாள். கையில் மூடிபோட்ட பாத்திரம் இல்லை, ஒரு கைப்பை மட்டும்.  சொல்லிவிடு, என்றது ஒரு குரல். ஒரு வரிதானே. நாளைக்குத் தங்கை வீட்டில் போய் வேண்டிய மட்டும் உட்கார்ந்துகொள். அது நியாயமான குரல். நான்கு வருடமாக அதே குரல்தான் அவளைக் காப்பாற்றி வந்தது. அடிவயிற்றில் அந்த இறக்கம் மறுபடி தொடங்கியது, இன்னும் உட்காராமலேயே.

விளக்கு எரிந்தது. ஏறினாள். முன்வரிசைகள் கைதட்டின. டிரைவராக நடித்தவர் ஹாங்க் என்ற வயதான நடிகர். தொப்பியைக் கழற்றினார். "அம்மா, முன்னாடியே சீட் இருக்கு. உட்காருங்க."

முந்நூறு பேர் காத்திருந்தார்கள். கை இடுப்பை நோக்கிப் புறப்பட்டது. ஆர்லீத்தா அந்தக் கையைப் பார்த்தாள். அதைக் கொண்டுபோய்க் கைப்பையின் மேல் வைத்தாள்.

"ரொம்ப நன்றிங்க," என்றாள். உட்கார்ந்தாள்.

ஹாங்க் திகைத்தார். அவரிடம் அடுத்த வசனம் இல்லை. "பரவால்லம்மா," என்று சொல்லிவிட்டு, திரும்பி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. டக் சொன்னபடி எழுந்து வந்தார், தன் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இருக்கையைப் பார்த்தார். அதில் ஆள் இருந்தது. வசனத்தை ஆரம்பித்து, "நானும் உங்களுக்கு..." என்று நிறுத்தி, மேலே தொங்கிய பிடியைப் பற்றிக்கொண்டார்.

கூரையில் இருந்த ஒலிபெருக்கியில் பர்ட்டின் குரல் கேட்டது. "ஆர்லீத்தா கண்ணு, அருமை. ஆனா நீங்க எழுந்திரிக்கணும். டக்குக்கு அந்த சீட் வேணும்."

 இது கதையா, கதைக்கு வெளியிலா என்று முன்வரிசைகளுக்குப் புரியவில்லை. கடைசி வரிசைகளிலிருந்து ஒரு பெண், ஆலயத்தில் பிரசங்கத்துக்கு நடுவே சொல்வதுபோல, "ம்ம்ம்ம்," என்றாள்.

"எழுந்திரிங்க, ஆர்லீத்தா," என்றது கூரை.

அவள் கால்கள் நடுங்கின. உட்கார்ந்திருந்தால் கால் நடுங்குவது அவ்வளவாக வெளியே தெரிவதில்லை என்பதை அன்றுதான் கண்டுபிடித்தாள்.

கிரெய்க் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி ஓடிவந்தார். பஸ்ஸுக்குள் ஏறி, அவளருகே குனிந்தார். முகமெல்லாம் அன்பாக இருந்தது. "ஆர்லீத்தா, இங்க எல்லாரும் உங்க பக்கம்தான். நான்தான் முதல் ஆளு. இந்த ஒரு தடவை எழுந்து இடம் குடுத்துட்டீங்கன்னா யாருக்கும் சங்கடம் இல்ல. டக் பாவம், நிக்கிறார் பாருங்க. அவர் உட்கார்ந்தாதானே உங்களுக்குத் துணை நிக்க முடியும்?" குரலை இன்னும் தாழ்த்தினார். "உங்களுக்கு உட்காரணும்னா சொல்லுங்க, பின்னாடி ஒரு நாற்காலி போடச் சொல்றேன். இது பிப்ரவரி. கிளீவ்லாந்தை இப்பப் பேச வேண்டாம்னு பார்க்கறேன். எங்க, எழுந்திரிங்க."

ஆர்லீத்தா அவர் முகத்தைப் பார்த்தாள். தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அந்த முகத்துக்குக் கொஞ்சமும் தெரியவில்லை. அடிவயிற்றின் இறக்கத்துக்காகக் காத்திருந்தாள். அது வந்தது. வந்து, போய்க்கொண்டே இருந்தது, அடி இல்லாத ஆழத்துக்கு. அவள் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"மாட்டேன் சார்," என்றாள், மைக்கில்கூட விழாத குரலில்.